இந்த வீட்டில் அனைவருக்கும் இடமுண்டு

வான்மதிக்கு ஓர் அறை வேண்டும். ஜூலை ஒன்றாம் தேதியிலிருந்து ஆறு வாரத்துக்கு மட்டும். இதை முதலிலேயே சொல்லிவைப்பது நல்லது. பின்னால் வரப்போகும் பெரிய மனிதர்கள் மணிக்கணக்கில் பேசப்போகிறார்கள். அந்த இரைச்சலில் இது காதில் விழாமலே போய்விடும்.

அமெரிக்காவில், சன்னிவேலில் சபரி என்பவன் வீட்டு மாடியறையில் அவள் இரண்டு வருடமாக இருந்தாள். சபரி தங்கமான பையன். ஆனால் அவன் மனைவிக்கு ஜூலையில் பிரசவம். ஈரோட்டிலிருந்து மாமனாரும் மாமியாரும் ஆறு மாத விசாவும் நாலு பெட்டி மருந்துப்பொடியுமாக வந்து இறங்குகிறார்கள். “தப்பா நினைச்சுக்காதீங்க மதி. அவங்ககிட்ட உங்கள என்னன்னு சொல்லி இன்ட்ரட்யூஸ் பண்றதுன்னே தெரியல” என்று தலையைச் சொறிந்தான். வாடகைக்கு இருப்பவள் என்று சொன்னால் போதாதா என்று அவளுக்கு வாய் வரை வந்தது. பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் எதற்கு வம்பு என்று விழுங்கிவிட்டாள்.

சாண்டா கிளாராவில் ஒரு சிப் கம்பெனியில் அவள் டெஸ்ட் எஞ்சினியர். சம்பளத்துக்குக் குறைவில்லை. ஆனால் பெயர் மாற்றிய கோர்ட் ஆர்டரில் வான்மதி என்று இருக்கிறது. கிரெடிட் ஹிஸ்டரியில் பழைய பெயர் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் பழைய பெயரோடு ஒரு மீசையும் இருக்கிறது. அபார்ட்மென்ட் ஆபீஸ்களின் கம்ப்யூட்டர் மூன்றையும் பார்த்து, இப்படி ஒரு பிறவியே கிடையாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. புதிய பாஸ்போர்ட் ஆகஸ்ட் நடுவில்தான் வரும். நம்மவர்களின் வாட்ஸப் குரூப்பில் ‘கேர்ள்ஸ் ஒன்லி, வெஜிடேரியன் ஒன்லி’ என்று வந்த ஒன்பது ரூம்களுக்குப் போன் செய்தாள். அவள் குரலைக் கேட்டதும் ஒன்பதும் அந்த நிமிஷமே வாடகைக்குப் போய்விட்டன. மறுநாளும் அதே ஒன்பதும் அதே போட்டோக்களோடு குரூப்பில் கிடந்தன. ஓக்லண்டில் டெனிஸ் என்ற தோழி இருந்தாள். கறுப்பினத் திருநங்கை, கேட்டால் இல்லையென்று சொல்லமாட்டாள். அதனால்தான் அவளுடைய ஒற்றை அறையில் ஏற்கெனவே நாலு பேர் இருந்தார்கள். ஒருத்தி குளியல் தொட்டிக்குள் போர்வை விரித்துப் படுத்துக்கொண்டிருந்தாள்.

இப்படி வான்மதி அல்லாடிக்கொண்டிருந்த நேரத்தில்தான், அந்தப் பகுதித் தமிழ்ச் சங்கமான தென்விரிகுடாத் தமிழ்க் கூடத்துக்கு ஒரு திருநங்கை தேவைப்பட்டார்.

தேவைப்பட்டதற்குக் காரணம் வடவிரிகுடாத் தமிழ்க் கூடம். பத்து வருடத்துக்கு முன்பு, பொங்கல் விழாவில் யார் முதலில் மைக் பிடிப்பது என்ற கொள்கைப் பிரச்சினையில் உடைந்துபோன கோஷ்டி அது. போன வருடம் சான்ஃபிரான்சிஸ்கோவில் திருநர்களும் ஒருபாலீர்ப்பினரும் நடத்தும் பிரைடு ஊர்வலத்தில் வானவில் கரை வேட்டி கட்டி நின்று போட்டோ எடுத்துப் போட்டுவிட்டார்கள். நாலாயிரம் லைக். தென்விரிகுடாக்காரர்களுக்குத் தூக்கம் போயிற்று. அந்தப் போட்டோவை திரும்பத் திரும்பப் பெரிதாக்கிப் பார்த்த தலைவர் நஞ்சப்பன்தான், அதில் ஒரு திருநங்கைகூட இல்லை என்ற ஓட்டையைக் கண்டுபிடித்தார். ‘விளிம்புநிலைத் திருநங்கையர் ஒருமைப்பாட்டு மாலை’ என்ற விழா அன்றைக்கே முடிவாகிவிட்டது.

போன் செய்தவள் ரோஷினி. ஒரு பெரிய கம்பெனியின் எச்.ஆரில் டைரக்டர், கூடத்தில் பன்முகத்தன்மைப் பிரிவின் தலைவி.

“ஹாய் மதி! மதின்னு கூப்பிடலாமா? உங்க நம்பர் சபரி குடுத்தார். ஃபர்ஸ்ட் ஆஃப் ஆல், தேங்க்யூ ஃபார் எக்ஸிஸ்டிங்!”

உயிரோடு இருப்பதற்கு நன்றி என்று அதுவரை யாரும் வான்மதியிடம் சொன்னதில்லை. “பரவால்லைங்க” என்றாள்.

“பிரைட் மந்த்துக்கு ஒரு ஈவென்ட் பண்றோம். மார்ஜினலைஸ்டு டிரான்ஸ் பீப்பிள் ஆஃப் கலருக்கு நம்ம சாலிடாரிட்டி. நீங்கதான் சீஃப் கெஸ்ட். உங்க ஜர்னி பத்தி த்ரீ மினிட்ஸ் பேசணும்.”

“பேசறேனுங்க. எனக்கும் ஒரு உதவி வேணுமுங்க. ஜூலை ஒண்ணுலருந்து ஆறு வாரம் தங்கறதுக்கு ஒரு ரூம். வாடகை குடுத்துடறேன். உங்க மெம்பர்ஸ் ஆராச்சும் வீட்ல...”

மறுமுனையில் மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டது. “ஓ மை காட். ஹவுசிங் இன்செக்யூரிட்டி! மதி, திஸ் இஸ் ஸோ பவர்ஃபுல். இத கண்டிப்பா ஸ்பீச்ல சொல்றீங்க, ஓகே? இப்பவே எல்லாத்தையும் எங்கிட்ட சொல்லிடாதீங்க. ஸ்டேஜ்ல ஃப்ரெஷ்ஷா வரணும்.”

அடுத்து தலைவரே பேசினார். நஞ்சப்பனுக்குச் சொந்த ஊர் கோபி. சரட்டோகா மேட்டில் ஐந்து படுக்கையறை வீடு. பிள்ளைகள் இரண்டும் காலேஜுக்குப் போய்விட்டன. குரலில் வெல்லப்பாகு ஒழுகும்.

“கண்ணு, நீங்க நம்ம பக்கமாமே?”

“திருப்பூருங்கண்ணா.”

“திருப்பூர்ல எங்க?”

“ஊத்துக்குளி ரோடுங்க.”

“அந்த ரோட்ல எந்தப் பக்கம்? பாலத்துக்கு இந்தாண்டயா அந்தாண்டயா? அப்பா என்ன பண்ணிட்டிருந்தாரு? குலதெய்வம் எந்தக் கோயிலு?”

இந்தப் பரீட்சையை வான்மதி சின்ன வயதிலிருந்து எழுதிவருகிறாள். எங்கே சுற்றி எங்கே வந்து நிற்கும் என்று தெரியும். “அப்பா பனியன் கம்பெனிலீங்க. வீட்டை விட்டுத் தொரத்தினப்ப குலதெய்வத்த எடுத்துட்டு வரலீங்கண்ணா” என்றாள்.

நஞ்சப்பன் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, “சித்தப்பன் பேரு என்ன கண்ணு?” என்றார். அவள் சொல்லவில்லை. “சும்மா தெரிஞ்சுக்கத்தான். நம்ம கூடத்துல அந்த வித்தியாசமெல்லாம் கெடயவே கெடயாது. மேடைல பக்கத்துல ஆரு உக்காரணும்னு ஒரு ப்ளானிங், அவ்வளவுதான்.”

செயற்குழு ஜூமில் கூடியது. வான்மதியைச் ‘சமூகக் குரல்’ என்ற பதவியில் சேர்த்துக்கொண்டார்கள். வாக்குரிமை கிடையாது, மைக் மியூட்டில் இருக்கும், கை தூக்கினால் செயலாளர் பிரணவ் திறந்துவிடுவான். முதல் ஒரு மணி நேரம், வெள்ளையரல்லாதவர்களை அமெரிக்காவில் சொல்லும் ‘பீப்பிள் ஆஃப் கலர்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதில் போயிற்று. நிறத்தவர் என்றார் ஒருவர். நிறம் என்று சொன்னாலே கறுப்பைச் சொல்வதுபோல் இருக்கிறதே, அழைப்பிதழ் பார்க்க நன்றாக இராது என்றார் ஃப்ரீமாண்ட் டாக்டர் ஒருவர். பிறகு அவரே ஒரு பெரிய சந்தேகத்தைக் கிளப்பினார்.

“நாமளே பீப்பிள் ஆஃப் கலர்தானே? அப்ப நமக்கு நாமே சாலிடாரிட்டி தெரிவிச்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்சுதே?”

கூட்டம் அசந்துபோயிற்று. கருத்து ஒருமனதாகக் குறிப்பேட்டில் ஏறியது.

வான்மதி கை தூக்கினாள். பன்னிரண்டு நிமிஷம் கழித்துப் பிரணவ் கவனித்தான். “ஓக்லண்ட்ல டெனிஸ்னு ஒரு ஃபிரண்டு இருக்காங்க. கறுப்பினத் திருநங்கை. மார்ச் மாசம் பஸ் ஸ்டாப்ல வெச்சு நாலு பேர் அடிச்சு, தாடை ஒடஞ்சு, இப்பத்தான் தேறி வந்திருக்காங்க. அவங்களையும் மேடைக்குக் கூப்பிடலாமுங்க” என்றாள்.

ஜூமில் இருபத்திரண்டு முகங்களும் அப்படியே நின்றன. நெட் போய்விட்டதோ என்று வான்மதி நினைத்தாள்.

“அவங்களுக்குத் தமிழ் புரியுமா?” என்று கேட்டது ஒரு குரல்.

“ஹால்ல வெஜிடேரியன் மட்டுந்தான். அவங்களுக்கு ஒத்துக்குமா?”

“குழந்தைங்க டான்ஸ் வேற இருக்கு. செக்யூரிட்டி எக்ஸ்ட்ரா போடணுமே. நோ நோ, அவங்க சேஃப்டிக்காகத்தான் சொல்றேன்.”

கடைசியில் ரோஷினி வழி கண்டாள். டெனிஸ் வரவேண்டாம், டெனிஸின் போட்டோவை ஸ்லைடில் போட்டுவிடலாம். தாடைக் கட்டோடு இருக்கும் போட்டோ கிடைத்தால் ரொம்ப நல்லது.

அடுத்தது பொன்னாடை. ஆணுக்கு ஆண் போர்த்துவது, பெண்ணுக்குப் பெண் போர்த்துவது என்பது கூடத்தின் இருபத்தைந்து வருட மரபு. இங்கே யார் போர்த்துவது? நஞ்சப்பன் போர்த்தினால் வீட்டம்மா ராமாத்தாள் என்ன நினைப்பார் என்று நஞ்சப்பனே கேட்டார். ராமாத்தாள் போர்த்தினால் அவருடைய அண்ணன் வீட்டில் என்ன நினைப்பார்கள் என்றும் அவரே கேட்டார். ரோஷினிக்குத் தோள்வலி. ஐம்பது நிமிஷ விவாதத்துக்குப் பிறகு பொன்னாடையை ஒரு தட்டில் வைத்து மேடையில் வைத்துவிடுவது, சிறப்பு விருந்தினர் அதை எடுத்துத் தனக்குத்தானே போர்த்திக்கொள்வது என்று முடிவாயிற்று.

“இதாங்க எம்பவர்மென்ட்” என்றார் ஃப்ரீமாண்ட் டாக்டர். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

“அறை விஷயமுங்க...” என்று வான்மதி மறுபடி கை தூக்கினாள்.

உடனே இருப்பிடத் துணைக்குழு ஒன்று அமைக்கப்பட்டது. உறுப்பினர் ஐந்து பேர். ஐந்து பேருக்கும் சேர்த்துப் பன்னிரண்டு படுக்கையறை காலியாக இருப்பதாகப் பேச்சுவாக்கில் தெரிந்தது. குழுவுக்குப் பெயர் வைப்பது, நோக்க அறிக்கை எழுதுவது, உறுப்பினர்களிடம் கருத்துக்கணிப்பு எடுப்பது என்று வேலை பிரித்துக்கொண்டார்கள். இடைக்கால அறிக்கை அக்டோபரில் வரும் என்றார்கள்.

“ஜூலை ஒண்ணுங்க” என்றாள் வான்மதி. அதற்குள் பிரணவ் மியூட் செய்திருந்தான்.

விழாவுக்கு முந்திய வாரம் எல்லாருக்கும் ரோஷினி இரண்டு மணி நேரப் பயிற்சி நடத்தினாள். திருநங்கையரோடு எப்படிப் பழகுவது என்பது பாடம். விதிவிலக்கு யாருக்கும் இல்லை என்பதால் வான்மதியும் உட்கார்ந்தாள். முடிவில் பத்துக் கேள்விப் பரீட்சை. ‘ஒரு திருநங்கையை முதன்முதலாகச் சந்திக்கும்போது என்ன கேட்பீர்கள்?’ என்பது மூன்றாவது கேள்வி. சாப்பிட்டீர்களா என்பதைத் தேர்ந்தெடுத்தாள். தப்பு. பத்துக்கு ஆறுதான் வந்தது. எட்டு எடுத்தால்தான் பாஸ். நஞ்சப்பன் பத்துக்குப் பத்து எடுத்து ‘முழுமையான தோழமையாளர்’ என்ற பேட்ஜ் வாங்கினார். வான்மதிக்குக் கிடைத்தது ‘தோழமை கற்பவர்’.

“டோன்ட் வொரி டியர். இது ஒரு லைஃப்லாங் லேர்னிங்” என்று ரோஷினி தனியாகக் கூப்பிட்டு ஆறுதல் சொன்னாள்.

ஜூன் கடைசிச் சனிக்கிழமை விழா. வாடகை மண்டபத்தில் இருநூற்று நாற்பது பேர். நிகழ்ச்சி நிரலில் பதினான்கு அயிட்டம். நெருப்புக்கு அனுமதி இல்லாததால் பேட்டரிக் குத்துவிளக்கு. அதை ஐந்து பிரமுகர்கள் ஐந்து சுவிட்ச் தட்டி ஏற்றினார்கள். தமிழ்த்தாய் வாழ்த்து, அமெரிக்க தேசிய கீதம். இந்த மண்ணின் பூர்வகுடிகளுக்கு ரோஷினி ஆங்கிலத்தில் நன்றி சொன்னாள். நன்றியை வாங்கிக்கொள்ள அவர்களில் யாரும் வரவில்லை. வானவில்லின் ஏழு நிறத்தில் ஏழு குழந்தைகள் ஆடின. எல் கமீனோ சாலையில் ஒரு ஹோட்டலிலிருந்து ஏழு நிற இட்லி வந்திருந்தது. நீல இட்லியை மட்டும் யாரும் தொடவில்லை.

வான்மதி பட்டுப்புடவை கட்டி, நடுநாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இருபுறமும் நாற்காலி காலி. பொன்னாடைத் தட்டை எதிரே வைத்துவிட்டுப் பிரணவ் நகர்ந்தான். அவள் எழுந்து, அதை எடுத்து, தன் தோளில் தானே போட்டுக்கொண்டாள். கைதட்டல் மண்டபத்தைப் பிளந்தது. அவமானத்தில் அவளுக்குக் காதெல்லாம் எரிந்தது. இன்னும் மூன்று நாளில் அறையைக் காலி செய்யவேண்டும், பொறுத்துக்கொள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

நஞ்சப்பன் ஐந்து நிமிஷம் என்று ஆரம்பித்து நாற்பத்திரண்டு நிமிஷம் பேசினார்.

“பாசமிகு சொந்தங்களே! என் ஒருமைப்பாடு இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. கல்லூரிக் காலத்தில் ஈரோடு ஜங்ஷனில், கைதட்டிக்கொண்டு வந்த ஒரு சகோதரிக்கு நான் பத்து ரூபாய் கொடுத்தேன். அன்றைக்கு அது பெரிய தொகை. நண்பர்கள் தடுத்தார்கள். நான் கேட்கவில்லை. கொடுத்துவிட்டு வேறு பெட்டிக்கு மாறிவிட்டேன். சொந்தங்களே! என் வீட்டில் ஐந்து படுக்கையறை. நாங்கள் இருவர். அந்தக் காலி அறைகளைப் பார்க்கும்போதெல்லாம், உலகத்தில் இடமில்லாத இந்தச் சகோதரிகளின் நினைவு வந்து என் நெஞ்சு வெடிக்கும். ராமாத்தா கேட்பாள், ஏனுங்க அழுகிறீர்கள் என்று. தாங்கமுடியாமல் அந்த அறைகளை இப்போது பூட்டியே வைத்துவிட்டேன்! வான்மதி, நீ எங்கள் வீட்டுப் பெண். எங்கள் வீடு உன் வீடு!”

அவருக்குப் பின்னால் பேசிய ஆறு பேரும் அதையே சொன்னார்கள். துணைக்குழு ஐவரும் அதில் அடக்கம். அந்த மாலையில் மட்டும் வான்மதிக்கு ஏழு வீடு கிடைத்தது.

எட்டரைக்கு ஹோட்டல்காரர் கடிகாரத்தைக் காட்டினார். பிரணவ் ஓடிவந்து, “சீஃப் கெஸ்ட், சாரி, ஒரே ஒரு நிமிஷம். ஷார்ட் அண்ட் ஸ்வீட்” என்றான்.

வான்மதி மைக் முன்னால் நின்றாள். மூன்று நிமிஷத்துக்கு எழுதி வைத்திருந்த தாள் கையில் இருந்தது. அதை மடித்துவிட்டாள்.

“எல்லாருக்கும் வணக்கமுங்க. எனக்கு ஜூலை ஒண்ணாந் தேதியிலருந்து ஆறு வாரத்துக்கு ஒரு ரூம் வேணும். வாடகை குடுத்துடுவேன். சத்தமில்லாம இருந்துக்குவேன். இங்க ஏழு பேர் அவங்க வீடு என் வீடுன்னு சொன்னீங்க. ஏழும் வேண்டாமுங்க, ஒண்ணு போதும். ஆரு வீட்டுக்கு வரட்டும்?”

முன்வரிசையில் நஞ்சப்பன் ஷூ லேஸைக் கட்டக் குனிந்தார். அவர் போட்டிருந்தது செருப்பு. ஃப்ரீமாண்ட் டாக்டருக்கு அவசரமாக ஒரு போன் வந்தது. மணி அடிக்காமலே வந்தது. ரோஷினி கண்கலங்கி இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டாள். அதற்குமேல் அந்தக் கைகளால் ஒன்றும் செய்யவில்லை.

பிரணவ் பயந்துபோய் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தான். பதினோராவது அயிட்டம் கண்ணில் பட்டது. அவனுக்கு உயிர் வந்தது.

“மிக்க நன்றி. அடுத்ததாக, இந்த ஆண்டு கொல்லப்பட்ட திருநங்கையர் நினைவாக ஒரு நிமிட மௌன அஞ்சலி. அனைவரும் எழுந்து நிற்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.”

இருநூற்று நாற்பது பேரும் அத்தனை வேகமாக எழுந்ததை அந்த மண்டபம் பார்த்ததில்லை. இருநூற்று நாற்பது தலையும் ஒன்றாகக் குனிந்தன. அவள் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவேண்டியதில்லை; பதில் சொல்லாமல் இருப்பதே இப்போது மரியாதை. இறந்தவர்களின் பெயர்கள் திரையில் வரவேண்டும். லேப்டாப் தூங்கிவிட்டதால் ஸ்கிரீன்சேவரில் இருந்த கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குப் படம் வந்தது. அந்தப் பட்டியலில் மூன்று பெயர்களை வான்மதிக்குத் தெரியும். ஒருத்தி டெனிஸின் அறையில் வான்மதிக்குத் தலை வாரிவிட்டவள். அவளுக்காக வான்மதியும் தலை குனிந்தாள். ‘அடப் பாவிகளா, அவளையும் இதுக்கு இழுத்துட்டீங்களே’ என்று மனசுக்குள் கத்தினாள்.

நாற்பதாவது செகண்டில் யாரோ போதும் என்றார்கள். சாப்பாடு திறக்கப்பட்டது.

பந்தியில் நஞ்சப்பன் அவளுக்கு இரண்டடி உயரக் கண்ணாடி நினைவுப்பரிசு ஒன்றைக் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார். “எப்ப வேணா வீட்டுக்கு வாங்க கண்ணு” என்றார். ராமாத்தாள் நாலு டப்பாவில் தயிர் சாதம் கட்டிக் கொடுத்து, “வீட்டுக்குப் போயி ஃப்ரிட்ஜுல வெச்சுக்கோ சாமி, மூணு நாளைக்கு வரும்” என்றார். போகும்போது உறுப்பினர் எல்லாருக்கும் வீட்டுப் புல்தரையில் நட்டுவைக்க ஒரு வானவில் பலகை கொடுத்தார்கள். ‘இந்த வீட்டில் அனைவருக்கும் இடமுண்டு’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. தமிழில் மட்டும் அச்சடித்தது நஞ்சப்பனின் மொழிப்பற்று. சரட்டோகாவில் அக்கம்பக்கத்தார் யாருக்கும் படிக்கத் தெரியாது என்பதால் வேறு வில்லங்கமும் இல்லை.

ஜூலை ஒன்றாம் தேதி காலையில் ஈரோட்டு மாமியார் வந்து இறங்கினார். வான்மதி இரண்டு பெட்டி, ஒரு ரைஸ் குக்கர், ஒரு நினைவுப்பரிசு சகிதம் தன் பழைய காரில் ஏறினாள். முன்சீட்டில் வைத்த நினைவுப்பரிசுக்குக் கனம் அதிகம்; ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு கார் கத்திக்கொண்டே இருந்தது. அதற்கும் சீட்பெல்ட் போட்டுவிட்டாள்.

வீட்டுக்கு வாங்க என்று நம்மவர்கள் சொல்வதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. விமான நிலையத்தில், கல்யாண வீட்டில், காய்கறிக் கடையில் சொல்வது. கேட்டவர்கள் வரமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் சொல்வது. ஆனால் போக வேறு இடமில்லாதவள் சில சமயம் வார்த்தையை வார்த்தையாகவே எடுத்துக்கொள்வாள். அந்தத் தப்பைத்தான் செய்தாள். சாயங்காலம் வேலை முடிந்ததும் நேராகச் சரட்டோகா போனாள்.

வாசலில் ரோஜாச் செடிக்குப் பக்கத்தில் பலகை பளபளவென்று நின்றது. எங்கிருந்தாலும் போன் வழியாகப் பேசவிடும், கேமரா வைத்த காலிங் பெல்லை அழுத்தினாள். பெல்லுக்குள்ளிருந்து நஞ்சப்பன் பேசினார்.

“அடடே, கண்ணு! நாங்க யோசமிட்டி மலைக்கு டூர் வந்திருக்கோமே சாமி. ரெண்டு நாளாச்சு. சிக்னலே சரியில்ல பாருங்க.”

வீட்டுக்குள் குக்கர் விசில் அடித்தது. பெல்லிலும் கேட்டது, ஜன்னல் வழியாகவும் கேட்டது.

“என்ன சத்தமுங்கண்ணா?”

“இங்க ரயிலு போகுது கண்ணு.”

இரண்டாவது ரயிலும் போயிற்று. மூன்றாவதில் யாரோ அடுப்பை அணைத்தார்கள். சமையலறைத் திரை ஒரு விரல்கடை விலகி மறுபடி மூடிக்கொண்டது. “எப்ப வருவீங்கண்ணா?” என்று வான்மதி கேட்டாள். “வந்து... ஆகஸ்ட் நடுவுல ஆயிரும்” என்றது பெல்.

அழுகை வந்தது. அதைத் தள்ளிக்கொண்டு ஆத்திரம் வந்தது. திரும்பி நடந்தவள் பலகையைப் பார்த்தாள். இந்தத் தெருவிலேயே அதைப் படிக்கத் தெரிந்தவள் இப்போது அவள் ஒருத்திதான். இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பிடுங்கினாள். மண்ணைத் தட்டினாள். கேமராவுக்கு நேராக நின்று ஒரு கும்பிடு போட்டாள். பலகையைக் காரின் பின்கண்ணாடியில் சாத்தி வைத்து, ஓட்டிக்கொண்டு போனாள்.

அன்றிலிருந்து கம்பெனி ஜிம்மில் குளியல், காரில் படுக்கை. மூன்றாம் நாள் காலையில் கூடத்தின் வாட்ஸப் குரூப் கொந்தளித்தது. ‘தலைவர் இல்லத்தின் ஒருமைப்பாட்டுப் பலகை திருட்டு! திருநங்கையர் சமூகத்தின் மீது வெறுப்புத் தாக்குதல்!’ பதினோரு நிமிஷத்தில் கண்டனத் தீர்மானம் நிறைவேறியது. இருநூற்றுப் பதினேழு பேர் ஆதரவு, எதிர்ப்பு இல்லை. இருப்பிடத் துணைக்குழு அவசரமாகக் கூடி, பலகைகளைப் பாதுகாக்கும் துணைக்குழுவாகப் பெயர் மாறியது. வடவிரிகுடாக்காரர்கள்தான் செய்திருப்பார்கள் என்று பலர் சந்தேகப்பட்டார்கள்.

பத்து மணிக்கு நஞ்சப்பனே கூப்பிட்டார்.

“கண்ணு, அநியாயத்த பாத்தீங்களா? நாங்க யோசமிட்டி போயிருந்த நேரம் பாத்து பலகையப் புடுங்கிட்டுப் போயிட்டானுக.”

“பெல்லுல கேமரா இருந்துதுங்களேண்ணா?”

கேமராவில் எல்லாம் இருந்தது. அவள் பலகையைப் பிடுங்கியது இருந்தது, கும்பிட்டது இருந்தது. அதற்கு முன்னால் மூன்று ரயில் போனதும் இருந்தது. அதை வெளியே காட்ட அவருக்கு என்ன பைத்தியமா?

“அது... அன்னிக்கு ஒர்க் ஆகல கண்ணு” என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு மேடைக் குரலுக்கு வந்தார். “ஞாயித்துக்கெழம கண்டனக் கூட்டம். அதே ஹால்தான். பாதிக்கப்பட்டவங்க சார்புல நீங்கதான் பேசணும். இந்தவாட்டி முழுசா அஞ்சு நிமிஷம் தர்றோம். ரூம் கீம்னு பர்சனல் விஷயமெல்லாம் வேண்டாம். பலகையப் பத்தி மட்டும் பேசுங்க. ஜனங்க அழுகணும்.”

காரில் உட்கார்ந்திருந்த வான்மதி பின்கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டு பெட்டிக்கும் ரைஸ் குக்கருக்கும் மேலே பலகை சாய்ந்து நின்றது.

“வர்றேனுங்கண்ணா. அந்த ஹால் பார்க்கிங்ல ராத்திரி பூரா வண்டி நிறுத்த விடுவாங்களா?”

“பார்க்கிங்கா? சீஃப் கெஸ்டுக்கு வாசப்படிக்குப் பக்கத்துலயே ரிசர்வ் பண்ணிடறோம் கண்ணு, உங்க பேர் போட்டு போர்டே வெச்சுடறோம்” என்றார் நஞ்சப்பன். “ஒம்பது மணிக்கு மட்டும் எடுத்துடுங்க. கேட்டைப் பூட்டிருவாங்க.”